நாரத்தை மரங்களில் கயிறு கட்டுகிறவள்

கொசுமெல் தீவு
ஜனவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

நெல்மி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? வடகாற்று அடிக்கும் நாளில் கேணி வாசலில் உட்காராதீர்கள் என்று சொன்னால் நீங்கள் எங்கே கேட்கப் போகிறீர்கள்?

போனில் பேசினால் நாம் இருவரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம். சொல்ல வந்தது சொல்லாமலே போகிறது. அதனால்தான் எழுதுகிறேன். படகில் ஏறி, வேனில் மாறி, மெதுவாக வந்து சேரட்டும்.

இங்கே கடலுக்கு அடியில் ஆட்களைக் கூட்டிப்போகும் வேலையில் மூன்று வருடம் முடிந்துவிட்டது. முதுகில் ஒரு சிலிண்டரோடு இறங்குவது எனக்கு இப்போது நடப்பது மாதிரி. இனி இரண்டு சிலிண்டரை உடம்பின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு இறங்கும் முறையைக் கற்க வேண்டும். பாறை இடிந்து திறந்த நம் கேணிகளின் அடியில் குகைவழிகள் குறுகல். அங்கே அதுதான் தோது. நம் ஊர்க் கேணிக்கு வழிகாட்ட வருகிறவர்கள் எல்லாரும் வெளியூர்க்காரர்கள். ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசிப் பேசி அலுத்தாயிற்று. ருசெல்தான் நம் ஆட்களில் முதல் வழிகாட்டியாக வந்திருக்க வேண்டியது.

திடுக்கிடாதீர்கள். உங்கள் மகனுக்கு, என் வீட்டுக்காரருக்கு, நான்கே நாளில் சொல்லிக்கொடுத்து, தேறிவிட்டார் என்று அட்டையும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினோரு நாள்தான் இருந்தார், கேணிக் குகைக்குள் போனவர் திரும்பி வரவில்லை. இரண்டு வருடம் ஆகிறது. அந்த மாதிரி வாத்தியாரிடம் நான் போகமாட்டேன். அதற்காகத்தான் உங்களைக் கேட்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் கேணி வாசலில் நுழைவுச் சீட்டு கொடுக்கிறீர்கள். எந்த வாத்தியார் எப்படி என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? நல்லவராக ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்,
நெல்மி


சாக் ஹா
பிப்ரவரி 3

மகள் நெல்மிக்கு,

அத்தை ஃபிதேலியா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான். வான்கோழி ஒன்று செத்துப்போனது. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துப் படி.

நீ கேட்டபடி வாத்தியார்களைக் கவனித்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதால் மேலிருந்தே எல்லாம் தெரியும். தாடிக்காரர் ஒருவர் வருகிறாரே, அவர் பிள்ளைகளுக்குச் சிலிண்டர் உடம்போடு ஒட்டுவதே இல்லை. பின்பக்கம் தொங்கி அடியில் இருக்கும் சேற்றைக் கிளறுகிறது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"சார், கழுதை மேல பொதி ஏத்துன மாதிரி தொங்குதே, சரியா?" என்றேன்.

"அம்மா, நீங்க சீட்டைக் கிழிங்க. கிளாஸ நான் எடுத்துக்கிறேன்" என்றார்.

இன்னொருவர் பாதி நேரம் படம் பிடிக்கிறார். மூன்றாமவர் தங்கமான மனிதர், எல்லாருடைய கொக்கியையும் அவரே மாட்டிவிடுகிறார். உள்ளே போனால் யார் மாட்டிவிடுவது?

ஆக, ஒருவரும் சரியில்லை. நீ கடலிலேயே இரு. கடலில் நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு. சர்க்கரைத் தண்ணீரைச் சாப்பாடு என்று நினைக்காதே.

அத்தை
ஃபிதேலியா


கொசுமெல்
பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

நலம். வான்கோழிக்கு வருத்தம். கழுதைப் பொதியைப் படித்துவிட்டு அலைமேல் படகில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். படகோட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

உங்கள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. அதனால் இன்னும் கொஞ்சம் பாருங்கள். சிலிண்டரில் காற்று நிரப்பும் காஸ்பார் மாமாவைக் கேட்டேன். இரண்டு அடையாளம் சொன்னார். நல்ல வாத்தியார் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் தரையில் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, கண்ணைக் கட்டி, அதைப் பிடித்து நடக்கவைப்பாராம். குகையில் சேறு கலங்கினால் ஒன்றும் தெரியாது, கயிறுதான் வாசலுக்குக் கூட்டிவரும். இரண்டாவது, தேறாதவனைத் தேறவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புவாராம்.

"அப்படி ஆள் கெடைச்சா விட்றாத. கெடைக்காட்டி என்கிட்டயே இரு, காத்து நிரப்பக் கத்துக்குடுக்கிறேன்" என்றார்.

அப்படி யாராவது கேணி ஓரத்தில் இருக்கும் உங்கள் நாரத்தை மரங்களில் கயிறு கட்டுகிறார்களா?

பதில் எழுதுங்கள்.

நெல்மி


கொசுமெல்
மார்ச் 18

அத்தை,

நலம்தானே? என் கடிதம் கிடைத்ததா? வேன்காரர் உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். நீங்கள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டீர்களாம்.

நெல்மி


கொசுமெல்
ஏப்ரல் 6

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருப்பதாக வேன்காரர் சொன்னார். அதோடு நிம்மதி.

இனி உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. கரையில் ஒரு கடையில் தட்டி கட்டியிருக்கிறார்கள். பக்கச் சிலிண்டர், குகை, இரண்டும் சேர்த்து ஐந்து நாள், அட்டை நிச்சயம் என்று போட்டிருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன் லீவு இந்த மாதம்தான் கிடைக்கும். இருபத்தொன்றாம் தேதி சேருவதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். எனக்கும் அது பிடிக்கவில்லைதான். வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

வேளைக்கு மாத்திரை போடுங்கள்.

நெல்மி


சாக் ஹா
ஏப்ரல் 9

நெல்மி,

போகாதே. அந்தப் பெயரை அடித்துவிடச் சொல். வேன்காரரை நிறுத்திவைத்துவிட்டு எழுதுகிறேன், அவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

ஒருத்தி இருக்கிறாள். ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். போலந்து நாட்டுக்காரி, ஹலினா என்று பெயர். உன் வயதுதான். கொக்கு மாதிரி உயரம். சிரிக்கமாட்டாள். என் நாரத்தை மரங்களில் கயிறு கட்டுகிறவள் அவள்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மரத்துக்கு மரம் கோணலாக இழுத்து, நடுவில் முடிச்சுப் போட்டு வைப்பாள். பெரிய பெரிய ஆட்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு என் கோழிகளை மிதிக்காமல் தட்டுத் தடுமாறி நடப்பார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். அவள் பிள்ளைகளுக்குச் சிலிண்டர் அக்குளோடு ஒட்டி இருக்கும். மீன் செதில் மாதிரி. சேறு கலங்காது. வெளியே வந்ததும் மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தப்பை எல்லாம் பேசுவார்கள். முதலில் தன் தப்பைச் சொல்வாள்.

ஜனவரியில் ஒரு ஜெர்மன்காரரைத் திருப்பி அனுப்பினாள். அந்த ஆள் என் வாசலில் நின்று கத்தினார்.

"ரெண்டாயிரம் தடவ கடல்ல எறங்கியிருக்கேன்! எனக்கே இல்லேங்கிறியா?"

"கடலுக்கே போங்க. அதுக்கு உங்களத் தெரியும். இந்தக் குகைக்கு உங்களத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினாள்.

அன்றைக்கு எண்ணிய சீட்டையே மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். நம் பிள்ளையை ஒருத்தர் இப்படித் திருப்பி அனுப்பியிருந்தால் என்று நினைத்தேன். நினைத்துவிட்டு உனக்கு எழுதாமல் இருந்தேன். ஏன் என்று கேட்காதே.

அவள் இருக்கும் இடம் அடுத்த தாளில். ஹார்ன் சத்தம் தாங்கவில்லை.

அத்தை


கொசுமெல்
ஏப்ரல் 24

அன்புள்ள அத்தைக்கு,

பெயரை அடித்துவிட்டேன். ஹலினாவுக்கு எழுதினேன். நான் இதுவரை எத்தனை முறை இறங்கினேன், எப்போதாவது பயந்தேனா, பயந்தபோது என்ன செய்தேன் என்று கேட்டாள். ஏன் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டாள். ஊர்க் கேணிக்கு வழிகாட்ட என்று எழுதினேன். ஜூன் இரண்டாவது வாரம் வரச் சொல்லியிருக்கிறாள். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "முடியுற வரைக்கும்" என்று பதில்.

மூன்று மாதம் அத்தை. மூன்று மாதம் தெரிந்தே இருந்தீர்கள். கேட்காதே என்றதால் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில்தான் தங்குவேன். ஊஞ்சல் படுக்கையைத் துவைத்து வையுங்கள்.

நெல்மி


சாக் ஹா
மே 16

மகள் நெல்மிக்கு,

நலம். மழை இன்னும் இறங்கவில்லை. ஊஞ்சல் படுக்கையைத் துவைத்துக் காயப்போட்டேன், வெள்ளாடு ஒரு முனையைத் தின்றுவிட்டது. முடிச்சுப் போட்டுவிட்டேன், விழமாட்டாய்.

ஒரு நாள் கோழி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஹலினாவைப் பார்த்துப் பேசினேன். விசேஷமாக ஒன்றும் பேசவில்லை.

பத்திரமாக வா.

அத்தை


கொசுமெல்
ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டில் ஆறு நாள் இருந்தேன், நடந்ததை முகம் பார்த்துச் சொல்லவில்லை. இங்கே வந்து எழுதுகிறேன்.

முதல் நான்கு நாள் நன்றாகத்தான் போனது. இரண்டு பக்கச் சிலிண்டரிலும் மாற்றி மாற்றிச் சுவாசித்து இரண்டையும் சமமாக வைத்துக்கொள்ளப் பழகினேன். குறுகலான இடத்தில் ஒன்றைக் கழற்றி முன்னால் தள்ளிக்கொண்டு போகவும் வந்துவிட்டது. "உன் கால் நல்லா பேசுது" என்று ஒருமுறை சொன்னாள். அவள் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு.

ஐந்தாம் நாள் இருட்டுப் பயிற்சி. கண்ணாடி மேல் கறுப்பு உறை. என் ஜோடி ஒரு கனடாக்காரர், நல்ல மனிதர். அவருக்குக் காற்று தீர்ந்த மாதிரி பாவனை. நான் அவருக்குக் காற்றுக் குழாய் கொடுத்து, அவர் கையைப் பிடித்து, கயிற்றோடு வெளியே கூட்டிவர வேண்டும். அவர் கையைப் பிடித்தேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஹலினா என் தோளைத் தட்டி உறையை எடுத்தபோது கயிறு நாலடி தள்ளி இருந்தது. நான் இரண்டு கையாலும் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளும் அதே.

"ஒரு கை ஆளுக்கு. ஒரு கை கயித்துக்கு. நீ ரெண்டையும் ஆளுக்குக் குடுத்துடற. அப்புறம் ரெண்டு பேரும் வரமாட்டீங்க. இப்ப வீட்டுக்குப் போ" என்றாள். கத்தவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

சாப்பிடாமல் கிளம்பியதற்கு மன்னியுங்கள்.

நெல்மி


சாக் ஹா
ஜூலை 2

நெல்மி,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்குத் தகுதி இல்லை.

கோழி எடுத்துக்கொண்டு போனேன் என்று எழுதினேனே. என்ன பேசினேன் என்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"என் மருமக வருவா. நல்லா சொல்லிக்குடு. கடைசில தேறலன்னு அனுப்பிடு" என்றேன்.

"தேறிட்டான்னா?"

"தேறினாலும்."

கோழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள்.

"உங்க பையன் தேறாமலே தேறிட்டான்னு ஒருத்தன் எழுதிக் குடுத்தான். தேறினவளத் தேறலன்னு எழுதுன்னு நீங்க சொல்றீங்க. ரெண்டும் ஒரே பொய்தாம்மா. ஒரு தடவ எழுதிட்டேன்னா, என் கையெழுத்து அப்புறம் எதுக்கு ஆகும்?"

நான் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

"கோழியப் புடிங்க. எனக்கு அறுக்கத் தெரியாது" என்றாள்.

அந்தக் கோழிதான் உன்னைப் பார்த்துக் கொக்கரித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகையால் நீ தேறாதது என் வேலை இல்லை. அவள் நிஜமாகத்தான் அனுப்பினாள். ஆனால் நீ அழுதுகொண்டு படியேறி வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். நீ படகுக்குப் போன பிறகு, உனக்கென்று வைத்த கீரையும் முட்டையும் சட்டியில் அப்படியே இருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் வெட்கம் வந்தது. நானும் அதைச் சாப்பிடவில்லை.

எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? இதைச் சொன்னால் நீ போகாமல் இருந்துவிடுவாய் என்பதால் சொல்லாமல் இருந்தேன். உன்னைக் கட்டிப்போட வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டு, பின்பக்கமாகப் போய்க் கட்டிப்போடப் பார்த்தேன். புத்தி இவ்வளவுதான்.

பதில் எழுதாவிட்டாலும் சரி.

ஃபிதேலியா


கொசுமெல்
ஆகஸ்ட் 29

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் நலமா?

உங்கள் கடிதத்தைக் கிழித்தேன். பிறகு ஒட்டினேன். ஒரு மாதம் உங்கள்மேல் கோபமாக இருந்தேன், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். கோபம் தீர்ந்த பிறகும் இரண்டு வாரம் எழுதவில்லை. அது சோம்பல்.

இரண்டாவது முறை அந்தக் கடிதத்தைப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. கோழிக்கு மசியாதவள் எதற்கும் மசியமாட்டாள். நான் தேறிவிட்டேன் என்று அவள் சொன்னால், அது நிஜமாக இருக்கும். நீங்கள் எனக்கு நல்ல வாத்தியாரைத்தான் தேடிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நாங்கள் தங்கும் இடத்தின் நடைவழியில் கயிறு கட்டியிருக்கிறேன். வேலை முடிந்து வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு, கூட இருக்கும் பெண்களில் ஒருத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடக்கிறேன்.

"என்ன நெல்மி, கண்ண மூடிக்கிட்டு மாப்ள தேடுறியா?" என்கிறாள் சமையல்கட்டு ரெய்னா.

"ஆமாடி, உன் அண்ணன் தட்டுப்படாம இருந்தா சரி" என்றேன்.

ஹலினாவுக்கு, ஊர்க் கேணிக்காகத்தான் கற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன் அல்லவா? அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்தக் கனடாக்காரரின் கை என் கைக்குள் வந்தபோது ஏன் விட முடியவில்லை என்று அவளுக்கு இப்போது எழுதிவிட்டேன். உங்களுக்கு எழுத வேண்டியதில்லை.

"சரி. அக்டோபர்ல வா" என்று மட்டும் பதில் வந்தது.

வருகிறேன். இந்த முறை சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவேன்.

நெல்மி


சாக் ஹா
அக்டோபர் 23, கேணி வாசல்

என் மகள் நெல்மிக்கு,

நான் நலம். நீயும் நலம், காலையில் என் கையால் இரண்டு தோசைக்கல் ரொட்டி தின்றுவிட்டுத்தான் போனாய். இதை எழுதும்போது நீ கீழே தண்ணீருக்குள் இருக்கிறாய். ஒன்பது நாற்பதுக்கு இறங்கினாய். பதினொன்றுக்கு முன் வருவதாக நோட்டில் உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். இப்போது பத்தரை. சும்மா உட்கார்ந்திருந்தால் கடிகாரத்தையே பார்ப்பேன் என்று சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் பையில் வைத்துவிடுவேன்.

முந்தாநாள் நடந்ததைப் பற்றி நாம் பேசவில்லை. உன் ஜோடி காதுவலி என்று வராமல் போனதும் ஹலினா என்னைக் கூப்பிட்டாளே.

"அம்மா, வாங்க. ஒரு ஆள் குறையுது."

"எனக்கு முழங்கால் சரியில்ல தாயி."

"முழங்கால் வேணாம். கைதான் வேணும்."

கண்ணைக் கட்டிவிட்டாள். உன்னை முன்னால் நிறுத்தி, என்னைப் பின்னால் நிறுத்தி, என் ஒரு கையைக் கயிற்றிலும் இன்னொரு கையை உன் புஜத்திலும் வைத்தாள். பேசக் கூடாது, தண்ணீரில் பேச முடியாது என்றாள். அழுத்திப் பிடித்தால் நில். முன்னால் தள்ளினால் போ. பின்னால் இருக்கிறவர் தள்ளாமல் முன்னால் இருக்கிறவர் அசையக் கூடாது.

மூன்று மரம் வரை பழக்கம் இல்லாமல் இடித்துக்கொண்டு வந்தேன். நீயும் சிரித்தாய், உன் தோள் குலுங்கியது. நான்காவது மரத்தில் கயிறு வளைந்தது. காலுக்குக் கீழே வேர். எனக்குப் பயம் வந்து உன் கையை அழுத்திவிட்டேன். நீ நின்றாய்.

நின்றுகொண்டே இருந்தாய். நான் அழுத்திப் பிடித்திருக்கும் வரை நீ நிற்பாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ. கோழி மட்டும் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. உன் புஜம் சூடாக இருந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம் என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், தோன்றியது.

பிறகு கயிற்றில் இருந்த என் கையை மெதுவாக முன்னால் நகர்த்தினேன். உன் விரல்கள் தட்டுப்பட்டன. கயிற்றைச் சுற்றி மோதிரம் மாதிரி பிடித்திருந்தாய். இறுக்கமும் இல்லை, தளர்வும் இல்லை. உன் இன்னொரு கை என் கைமேல் வந்திருக்கலாம். வரவில்லை. தொங்கவிட்டபடி காத்துக்கொண்டிருந்தாய்.

நான் தள்ளினேன்.

உனக்கு அது ஒரு பயிற்சி. எனக்கு என்ன என்று எழுத எனக்குப் படிப்புப் பத்தாது.

இன்றைக்குத் தேறினாயா இல்லையா என்று ஹலினாதான் சொல்ல வேண்டும். நான் கேட்கமாட்டேன், கோழியும் கொண்டுபோகமாட்டேன். இன்னொரு முறை வா என்றால் இன்னொரு முறை வா. மரம் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

தாடிக்காரர் வந்து சீட்டு கேட்கிறார். "இருங்க சார், எழுதிட்டு இருக்கேன்" என்றேன். "யாருக்குமா?" என்றார். "உள்ள இருக்கா, என் மக. இந்த ஊர்க்காரி" என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து ஐம்பது.

வடக்குப் பாறையின் அடியில் வெளிச்சம் ஆடுகிறது. ஒன்று. இல்லை, இரண்டு. குமிழி வருகிறது. முன்னால் வருகிறவள் நீதான், சிலிண்டர் இரண்டும் உடம்போடு ஒட்டி இருக்கின்றன, சேறு கொஞ்சமும் கலங்கவில்லை.

மேலே வந்ததும் உனக்குக் குளிரும். துண்டை எடுத்துக்கொண்டு நானே கீழே இறங்கி வருகிறேன்.